முப்பது நிமிடம் என்று எழுதியிருக்கிறது

ஜனவரி 8, திங்கள்

நாட்குறிப்பு எழுதுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். காலையில் எழுந்து பல் தேய்த்ததை எவன் உட்கார்ந்து படிக்கப் போகிறான்? ஆனாலும் இன்றிலிருந்து நானும் எழுதுகிறேன். உள்ளே கிடப்பதை எங்காவது கொட்டாவிட்டால் மார்ச் 28க்குள் யாரையாவது கடித்துவைத்துவிடுவேன்.

மார்ச் 28 ஆய்வேடு ஒப்படைக்கக் கடைசி நாள். அன்றோடு நான் பிஎச்.டி.க்குப் பதிவு செய்து ஏழு வருஷம். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று. அந்தத் தேதியை விட்டால் பதிவு ரத்து, ஏழு வருஷமும் கோவிந்தா. சங்கரவடிவு, வயது முப்பத்தாறு, வேதியியல் துறை, ஒரு மகன், பட்டம் கிடையாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நல்லவேளை, எழுதி முடித்தாயிற்று. ஐந்து அத்தியாயம். நான்காவதில்தான் உயிர் இருக்கிறது. நாவல் கொட்டைச் சாறு வைட்டமின் சியைத் தோற்கடித்த கதை அது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆய்விதழில் பேப்பராகவும் வந்துவிட்டது. என் வழிகாட்டி ஞானசிகாமணி சார் அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். மாலைதான் போடவில்லை.

இந்த நேரம் பார்த்து என் தலையில் ஒருத்தியைக் கட்டிவிட்டார். பெயர் ரெக்ஸ்லின், ஊர் கருங்கல் பக்கம், ஆய்வில் சேர்ந்து மூன்று மாதம். கை பழகுவதற்கு என் நாலாம் அத்தியாயத்துச் சோதனையை அவள் திரும்பச் செய்ய வேண்டுமாம். பழக்குவது நானாம். எனக்கு வேறு வேலையே இல்லை பாருங்கள்.

ஜனவரி 10, புதன்

இதில் பழக என்ன இருக்கிறது? டிபிபிஹெச் என்று ஒரு கருஊதாப் பொடி. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஜோடி இல்லாத ஓர் எலக்ட்ரானை வைத்துக்கொண்டு அலைகிற பிறவி. ஃப்ரீ ராடிக்கல் என்று பெயர். நம் உடம்புக்குள்ளும் இதன் சொந்தக்காரர்கள் உண்டு, எதிர்ப்பட்டவனிடமிருந்து பிடுங்குவதுதான் பிழைப்பு. செடிகொடிகளில் இருக்கிற ஃபீனால்கள் தங்களிடமுள்ள ஹைட்ரஜனைக் கொடுத்து அதன் வாயை அடைக்கும். வாய் அடைபட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எத்தனை சதம் வெளுத்தது என்று நிறத்தை அளக்கிற ஸ்பெக்ட்ரோ இயந்திரம் சொல்லிவிடும்.

ஆக வேலை இவ்வளவுதான். பொடியை மெத்தனாலில் கரைத்த ஊதாக் கரைசலில் சாறைக் கலக்க வேண்டும், முப்பது நிமிடம் இருட்டு அலமாரியில் வைக்க வேண்டும், எடுத்து அளக்க வேண்டும். ரசம் வைப்பதற்கு இதைவிட மூளை வேண்டும்.

பேப்பரில் நாவல் கொட்டைக்கு 91. அதே அளவு வைட்டமின் சிக்கு 84. இந்த மகாராணி எடுத்தது 63.

“அக்கா, மூணு வட்டம் செஞ்சு பாத்துட்டேன். இதுதான் வருது.”

“பிப்பெட்ட நேராப் பிடி. நீ என்ன மாட்டுக்கா ஊசி போடுத?”

“நேராத்தான் பிடிச்சேன். எனக்க கையில தப்பில்லக்கா.”

வந்து மூன்று மாதத்தில் கை மேல் அவ்வளவு நம்பிக்கை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்ரூம். சோதனை நடக்கும்போது இடத்தைவிட்டு நகர்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. அலமாரிக்குள் வைத்தோமென்றால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அது ஒரு ஒழுக்கம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது எங்கே தெரிகிறது?

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நாத்தனார் வந்திருந்தாள். “என்ன வடிவு, இன்னமும் படிச்சிக்கிட்டா இருக்க? பரணியே அடுத்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ் போயிருவானே” என்று கேட்டுவிட்டு என் கையாலேயே இரண்டு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்றாள்.

ஜனவரி 18, வியாழன்

பார்த்துப் படித்துக்கொள்ளட்டும் என்று நானே செய்து காட்டினேன். கடிகாரத்தை எதிரே வைத்து, சரியாக முப்பதாவது நிமிடம் எடுத்தேன்.

62.

மெத்தனால் பாட்டில் பழசு. மாற்றினேன். 64. ஸ்பெக்ட்ரோ விளக்குக்கு ஆயுசு முடிந்துவிட்டது என்று அடுத்த துறை இயந்திரத்தில் போய் அளந்தேன். 63. அந்தத் துறை ஆள் ஒருவர், “என்ன மேடம், எண்ணு பிடிக்கலன்னா ஊர் ஊராப் போய்க் கேப்பீங்களோ?” என்று நக்கலடித்தார். மூஞ்சியைப் பார்.

ரெக்ஸ்லின் மூன்று எண்ணையும் தன் நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டாள். அதுதான் எரிச்சல்.

ஜனவரி 23, செவ்வாய்

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கொட்டைப் பவுடர் நாலு வருஷப் பழசும்மா. ஃபீனால் எல்லாம் போயிருக்கும். இதுக்கெல்லாம் மண்டையைக் குழப்பிக்காதீங்க. தீசிஸ் பைண்டிங்குக்குக் குடுங்க.”

அடடா, இது எனக்குத் தோன்றவில்லையே என்று மனசு குளிர்ந்துபோய் வந்தேன். வந்தால் அந்தப் பெண் ஒரு தாளை நீட்டுகிறாள். பவுடரில் மொத்த ஃபீனால் எவ்வளவு என்று அளந்து பார்த்தாளாம். நாலு வருஷத்துக்கு முன் நான் அளந்து பேப்பரில் போட்ட அதே எண். ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. குளிர்பதனப் பெட்டியில் அவ்வளவு பத்திரமாக வைத்த புண்ணியவதி யார்? நான்தான்.

“நீ எதுக்கு இதெல்லாம் அளந்த? ஒன்னய யாரு கேட்டா?”

“சந்தேகம் தீரணும்லக்கா.”

ஜனவரி 29, திங்கள்

மதியம் லேபுக்குள் நுழைந்தால் ரெக்ஸ்லினைக் காணோம், ஸ்பெக்ட்ரோ மட்டும் தானாகக் கிளிக் கிளிக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. யார் வீட்டு இயந்திரம் என்று நினைத்தாள்? வெளியே நடையில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் வியர்வை.

“என்னட்டி இது, மெஷின ஓட விட்டுட்டு இங்ஙன காத்து வாங்குத?”

“நிமிஷத்துக்கு ஒரு ரீடிங் அதுவே எடுக்கிற மாதிரி போட்டு வச்சேன்க்கா. உள்ள நிக்க முடியல. நிப்பாட்ட மறந்துட்டேன்.”

இரண்டு மணி நேரம் ஓடியிருக்கிறது. திரையில் இரண்டு கோடு. வைட்டமின் சியின் கோடு முதல் நிமிஷத்திலேயே 84க்குப் போய்ப் படுத்துவிட்டது. அப்புறம் இரண்டு மணி நேரமும் அதே 84தான். நாவல் கொட்டைக் கோடு ஐந்து நிமிஷத்தில் 38, முப்பதில் 63, நாற்பத்தைந்தில் 75, அறுபதில் 85. நிற்கவே இல்லை, மெதுவாக ஏறிக்கொண்டே போகிறது.

“அக்கா, இங்க பாத்தேளா? உங்க 91 இருக்கு. எழுபத்தஞ்சாவது நிமிஷத்துல.”

எனக்குத் தலை வலித்தது. சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 2, வெள்ளி

பழைய ஆய்வக நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினோரு நாள் சோதனை, பதினோரு பக்கம். ஒவ்வொன்றிலும் “முப்பது நிமிடம், இருட்டில்” என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் கிடையாது. முத்து முத்தாக எழுதியிருக்கிறேன். நோட்டில் எழுதியிருந்தால் அதுதான் நடந்தது. பிறகு என்ன?

வீட்டில் இன்று சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஆறுமுகநயினார் தட்டைப் பார்த்துவிட்டு வாயே திறக்காமல் தின்றார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், எங்கே கையை வைக்கக்கூடாது என்று தெரியும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

அவள் சும்மா இருக்கிறாளா? ஏன் அது மெதுவாக ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வாயை மூடட்டும் என்று விளக்கினேன்.

வைட்டமின் சி சின்ன மூலக்கூறு. கேட்டதும் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடும். அதை அரை மணி கழித்து அளந்தாலும் அரை நாள் கழித்து அளந்தாலும் ஒன்றுதான். நாவல் கொட்டையில் இருப்பது பெரிய பெரிய டானின்கள், உடம்பெல்லாம் ஃபீனால் தொங்குகிற ஜாதி. வெளியே இருக்கிறது முதலில் கொடுக்கும். உள்ளே ஒளிந்திருப்பது வழி கிடைத்த பிறகுதான் கொடுக்கும். கொடுத்துவிட்டு மிச்சமாகிற துண்டுகளில் சில ஒன்றோடொன்று சேர்ந்து புதிய ஃபீனாலாகி மறுபடியும் கொடுக்கும். அதற்கு நேரம் வேண்டும்.

“அப்ப முப்பது நிமிஷம்ங்கிறதை யாரு முடிவு செஞ்சா?”

“எல்லாரும் அப்பிடித்தான் செய்யுதாங்க.”

“எல்லாரும்னா யாருக்கா?”

பதில் தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. முப்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும், அதற்கப்புறம் நிறம் அசையாது என்று எனக்கும் யாரோ சொன்னதுதான். நானும் ஒரு தரம் சோதித்துப் பார்த்தவள்தான். எதை வைத்துச் சோதித்தேன்? வைட்டமின் சியை வைத்து. மெச்சிக்கொள்ள வேண்டிய அறிவு.

பிப்ரவரி 13, செவ்வாய்

இன்று லேப் வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். நான் பின்னால் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டேன். வாயைக் கொப்பளிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன்.

“எத்தன மாசம்?”

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “மூணு முடியப் போகுது.”

“அறிவு இருக்கா ஒனக்கு? மெத்தனால் ஆவியில நின்னுக்கிட்டிருக்க! படிச்சவதான நீ?”

“சார்ட்ட மட்டும் சொல்லாதீங்கக்கா. மார்ச்ல எனக்கு முதல் ரிவ்யூ. அது முடியட்டும்.”

எனக்கு வந்த கோபத்தில் அவளை அறைந்திருப்பேன். ஆய்வாவது மண்ணாங்கட்டியாவது. அவளை வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்து, இனி மெத்தனால் பாட்டிலை நீ தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். நான் கலந்து தருகிறேன், நீ கணினியைப் பார்த்தால் போதும் என்றேன்.

பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்ரூம் என்று இங்கே எழுதியிருக்கிறேனே, அந்த வரியை அடித்துவிடலாம் என்று பக்கத்தைப் புரட்டினேன். அடிக்கவில்லை. கிடக்கட்டும், நான் எப்பேர்ப்பட்டவள் என்பதற்கு அத்தாட்சி.

சாரிடம் சொல்லாதே என்று அவள் சொன்னதில் ஒன்றும் அதிசயமில்லை. நான் சேர்ந்த வருஷம் மூத்த ஆய்வாளர் ஒருத்தி வேறு வழியில்லாமல் கைக்குழந்தையை லேபுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். சார் எல்லாரும் கேட்கிற மாதிரி, “இது லேபா, தொட்டில் கட்டுற இடமா?” என்றார். நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவள் அதற்குப் பிறகு வரவேயில்லை.

பிப்ரவரி 14, புதன்

சரி, எழுதித் தொலைக்கிறேன்.

அந்தப் பதினோரு நாளும் பரணிக்கு ஐந்து மாதம். வளாக வாசலுக்கு எதிரே வாடகை வீடு. மாமியார் பார்த்துக்கொண்டார். புட்டிப்பால் வாயில் வைத்தால் துப்பிவிடுவான். பதினொரு மணிக்கு எனக்கு மார்பு கட்டிக்கொள்ளும், ரவிக்கை நனையும், முந்தானையை இழுத்து இழுத்து மறைப்பேன். காலையிலேயே வைட்டமின் சியை ஒழுங்காக முப்பதாவது நிமிஷம் அளந்து முடித்துவிடுவேன். பிறகு நாவல் கொட்டைச் சாறைக் கலந்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, நூலகம் போகிற மாதிரி கையில் ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு ஓடுவேன். போக, கொடுக்க, ஏப்பம் விடவைக்க, வர. ஒருநாளும் முப்பது நிமிஷத்தில் முடிந்ததில்லை. ஒரு மணியும் கால் மணியும் ஆகும்.

திரும்பி வந்து அளந்து, “முப்பது நிமிடம்” என்று எழுதினேன். எப்படியும் முப்பதுக்கு மேல் அசையாதுதானே, எழுதினால் என்ன என்று நினைத்தேன். எழுபத்தைந்து என்று எழுதினால் சார் எங்கே போனாய் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். அவ்வளவுதான் விஷயம். இதை நான் ஆறுமுகநயினாரிடம்கூடச் சொன்னதில்லை.

நாவல் கொட்டை வைட்டமின் சியை ஜெயித்தது பொய்யில்லை. நேரம் கொடுத்தால் ஜெயிக்கத்தான் செய்கிறது. முப்பது என்ற அந்த ஒரு சொல்தான் பொய்.

பிப்ரவரி 20, செவ்வாய்

சார் கூப்பிட்டனுப்பினார். மார்ச் 6 ஆய்வுக்குழு கூடுகிறது. ஒரே நாளில் இரண்டு காரியம். என் ஆய்வேட்டை ஒப்படைக்க அவர்கள் ஒப்புதல் தர வேண்டும், ரெக்ஸ்லினுக்கு முதல் ரிவ்யூ. அவள் தன் அறிக்கையில் முப்பதாவது நிமிஷத்துக்கு 63 என்று போட்டிருக்கிறாள்.

“ரெண்டு எண்ணும் ஒரே மேசையில வந்தா அசிங்கம் வடிவு. நீங்க சீனியர். அந்தப் பொண்ணுக்கு லேப் ஸ்கில் போதாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்.”

“அவ ஃபெல்லோஷிப் போயிருமே சார்.”

“உங்க தீசிஸ் நிக்கும்ல?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியைக் கணினியில் அடித்தும் பார்த்தேன். நன்றாகவே வந்திருந்தது. எனக்கு இந்த மாதிரி வரிகள் நன்றாக வரும்.

பிப்ரவரி 26, திங்கள்

அந்த வரியை அழித்துவிட்டேன். சாரிடம் போனேன்.

“சார், அந்தப் பிள்ள கையில தப்பில்ல. நான்தான் அப்ப முப்பதுல எடுக்கல. எழுபத்தஞ்சுல எடுத்தேன்.”

ஏன் என்று கேட்பார் என்று இரண்டு வாரமாக நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. மனுஷர் ஏன் என்று கேட்கவேயில்லை. “வேற யாருக்குத் தெரியும்?” என்றார்.

பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். திறந்தபோது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். “இது இன்னும் நல்லதாப் போச்சே! மெதுவா வினை புரியற ஃபீனாலைப் பிடிக்கணும்னே நாம எழுபத்தஞ்சு வச்சோம். பேப்பர்ல முப்பதுன்னு விழுந்தது அச்சுப் பிழை. அந்தப் பொண்ணோட வளைகோட்டை உங்க நாலாம் அத்தியாயத்துல சேத்துருங்க. அவ வேற தலைப்பு எடுத்துக்கிடட்டும். யாருக்கும் நஷ்டமில்ல.”

அடேயப்பா. பேராசிரியர் பட்டம் சும்மா கொடுக்கவில்லை. பிழையும் போச்சு, கண்டுபிடிப்பும் வந்தாச்சு.

வெறுப்போடு எழுதுகிறேன் என்றாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கேட்கும்போது இனித்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இரண்டு மணி நேரத்தில் முப்பதையெல்லாம் எழுபத்தைந்தாக்கி, வளைகோட்டையும் அத்தியாயத்தில் சேர்த்துவிட்டேன். ரெக்ஸ்லினிடம் நன்றியுரையில் உன் பெயர் வரும் என்றேன்.

“சரிக்கா” என்றாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 5, செவ்வாய்

பரணிக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. கத்தரிக்காய் வேஷம். ஊதா அட்டை தேடிக் கடை கடையாக அலைந்தேன். நாளைக்கு என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 6, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

வெளியிலிருந்து வந்த நிபுணர் பெயர் சீதாபதி. ஒல்லி, சிடுமூஞ்சி, கொடுத்த முந்திரி பக்கோடாவைத் தொடவில்லை. ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தவர் நாலாம் அத்தியாயத்தில் நின்றார்.

“அதென்ன எழுபத்தஞ்சு? யோசிச்சு வைக்கிறவன் அறுபது வைப்பான், தொண்ணூறு வைப்பான். எழுபத்தஞ்சு எங்கேருந்து வந்தது?”

சார் முந்திக்கொண்டார். “அது எங்க டிசைன் சார். மெதுவான ஃபீனால்கள் வினை புரிய...”

“அவங்க சொல்லட்டுமே.”

ஐந்து பேர் என்னையே பார்த்தார்கள். கடைசி வரிசையில் ரெக்ஸ்லின் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை, ஆமாம் என்ற ஒரே ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பட்டம். ஏழு வருஷம். நாத்தனார் வாய் அடையும்.

“டிசைன்லாம் இல்ல சார். பிள்ளைக்குப் பால் குடுக்கப் போனேன். போயிட்டு வர எழுபத்தஞ்சு நிமிஷம் ஆகும். தினமும் அப்பிடித்தான் லேட்டா அளந்தேன். நோட்டுல முப்பதுன்னு எழுதுனேன். தெரிஞ்சே எழுதுனேன்.”

ஞானசிகாமணி சார் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திருகித் திறந்தார், குடிக்கவில்லை.

சீதாபதி கண்ணாடியைக் கழற்றினார். “சொல்லிட்டே போயிருக்கலாமே அம்மா. பால் குடுக்கிறது குத்தமா?”

“இங்க குத்தம்தான் சார்” என்றேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று எல்லாருக்கும் தெரியும்.

“அப்ப இந்த நிமிஷத்துக்கு நிமிஷம் எடுத்த வளைகோடு?”

“அது என்னோடது இல்ல சார். ரெக்ஸ்லின் எடுத்தது. இந்த அத்தியாயத்துல இருக்கக் கூடாது.”

அவளை எழுப்பினார். “ஏம்மா நிமிஷத்துக்கு ஒண்ணு எடுத்த? யார் சொல்லிக் குடுத்தா?”

அவள் என்னைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “யாரும் சொல்லல சார். மசக்கை. உள்ள நிக்க முடியல. மெஷினை ஓட விட்டுட்டு வெளியே போய் உக்காந்துட்டேன்” என்றாள்.

சீதாபதி சிரிக்கிற ஆளில்லை. ஆனால் அவர் உதடு கோணியது. “நல்ல டிபார்ட்மென்ட்டுங்க ஞானசிகாமணி. ஒருத்தி வெளியே போனதாலே தப்பு நடந்தது, இன்னொருத்தி வெளியே போனதாலே அது தெரிஞ்சது. உள்ளேயே இருந்த நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

முடிவு இதுதான். ரெக்ஸ்லினுக்கு ரிவ்யூ தேறியது, வளைகோடு அவளுடையது, தலைப்பும் அவளுடையது. என் ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போடவில்லை. பேப்பருக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும், நான்காம் அத்தியாயத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். கடைசியாக ஆறு மாதம் கேட்டுத் துணைவேந்தருக்கு எழுதுவாராம், கிடைக்கும் என்று சொல்ல முடியாதாம்.

வீட்டுக்கு வந்து அழுதேன். பெருமையாகவெல்லாம் இல்லை. பட்டம் போய்விடும் என்ற பயத்தில் அழுதேன். ஆறுமுகநயினாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த வெயில்ல தெனமும் ஒளிஞ்சி ஒளிஞ்சியா ஓடி வந்த? நான் சார்ட்ட கேட்டுட்டு வாறன்னுல்லா நெனச்சேன்” என்றார். அப்படித்தான் அவரிடமும் பொய் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12, செவ்வாய்

சார் என்னோடு பேசுவதில்லை. திருத்தக் கடிதத்தை அவரே எழுதியிருக்கிறார். “ஆய்வு மாணவியின் கவனக்குறைவால்” என்று ஆரம்பிக்கிறது. மற்ற எதுவும் அதில் இல்லை. கையெழுத்துப் போட்டேன், என்ன செய்ய, கவனக்குறைவுதான்.

மார்ச் 28, வியாழன்

எல்லாரும் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். நான் கடுதாசி வாங்கப் போனேன். ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். “இதற்கு மேல் எக்காரணத்தைக் கொண்டும் நீட்டிக்கப்படாது” என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. குமாஸ்தா, “எல்லாரும் குடுக்க வர்ற நாள்ல நீங்க வாங்க வந்திருக்கீங்க” என்றார். ஊரில் எல்லாருக்கும் என்னிடம்தான் நகைச்சுவை வருகிறது.

ஏப்ரல் 10, புதன்

நாலாம் அத்தியாயம், மறுபடி. இப்போது ஐந்து, முப்பது, நாற்பத்தைந்து, எழுபத்தைந்து, நூற்றிருபது என்று ஐந்து நேரத்தில் அளக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த நாள் முழுக்க வீண். மாதிரி தயாரிக்கவே இரண்டு நாள் ஆகிறது. கையில் இருப்பது ஐந்தரை மாதம், செய்ய வேண்டியது நாற்பது ஓட்டம். ஒரு நாளைக்கூட விட முடியாது.

பதினொரு மணிக்குக் கலந்தேன். ஐந்தாவது நிமிடம் எடுத்தேன், முப்பதாவது நிமிடம் எடுத்தேன். 11.40க்குப் பள்ளியிலிருந்து அழைப்பு. பரணி சறுக்குப்பலகையிலிருந்து விழுந்து நெற்றி பிளந்துவிட்டது, தையல் போட வேண்டும், அம்மா அம்மா என்று கத்துகிறான்.

அலமாரியைப் பார்த்தேன். இன்னும் மூன்று அளவு மிச்சம். கதவுக்கு வெளியே நாற்காலியில் ரெக்ஸ்லின், கணினியோடு. நான் வாயைத் திறக்கும் முன்பே எழுந்துவிட்டாள்.

“நீங்க போங்கக்கா. மூடி போட்ட கியூவெட் குப்பி தானே, ஆவி வராது. நான் மாஸ்க் போட்டு எடுக்கேன்.”

புத்தகம் எதையும் கையில் எடுக்கவில்லை. நோட்டைத் திறந்து எழுதினேன்: “11.42. மகனுக்கு அடிபட்டதால் வெளியே போகிறேன். 45, 75, 120 நிமிட அளவுகள் எடுத்தவர் ரெக்ஸ்லின்.” எழுதிவிட்டு ஓடினேன்.

மூன்று தையல். ஐஸ்கிரீம் இரண்டு கேட்டான், இரண்டும் வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 11, வியாழன்

நோட்டில் வாரம் ஒருமுறை வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டும். சார் அறைக்குக் கொண்டுபோனேன். ஒரு மாதத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என்னிடம் பேசினார்.

“என்னது இது? மகன், அடி, தையல்... ஆய்வக நோட்டா, குடும்பக் கதையா? எவனாவது பாத்தா டிபார்ட்மென்ட் மானம் என்னாகும்?”

பேனாவின் மூடியைக் கழற்றி அந்த வரியை அடிக்கப் போனார். நோட்டைச் சட்டென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பேனா முனை மேசையில் கோடு போட்டது.

“அந்த நேரம் நான் அங்க இல்ல சார். அதத்தான் எழுதியிருக்கேன். நீங்க கீழ கையெழுத்து மட்டும் போடுங்க.”

என்னைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பிறகு அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.